கடைவாய்ப் பல்

பத்தொன்பது வருடமாக என் பற்கள் மட்டும்
லிதுவேனியாவில் குடியிருந்தன.
மற்றதெல்லாம் அயர்லாந்தில்:
முதுகு, ஓட்டுநர் உரிமம்,
காளான் பண்ணையின் ஈரம் இறங்கிய விரல்மூட்டுகள்.

மொனகன் பல் மருத்துவர் சொன்ன தொகைக்கு
பிர்ஜாயில் ஒரு பழைய கார் கிடைக்கும்.
ஆகவே கோடைதோறும்
டாக்டர் யுர்கிதாவின் நாற்காலியில்
வாயைப் பிளந்தபடி விடுமுறையைக் கழித்தேன்.
அம்மா போன வருடம் ஒரு வேர்ச் சிகிச்சை.
விவாகரத்துக்கு இரண்டு அடைப்பு.
என் வாழ்க்கையைத் தேதிவாரியாகச் சொல்ல
அவளிடமுள்ள அட்டையால் மட்டும்தான் முடியும்.

போன அக்டோபரில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு
தாடையில் ஒரு திருகாணி வைத்தாள்.
"இது தன்னோடதுதான்னு எலும்பு ஒத்துக்க
ஆறு மாசம் ஆகும்.
அப்புறம் வா, பல்லை வைக்கிறேன்."

ஆறு மாதம்!
இந்த ஊர் என்னை ஒத்துக்கொண்டதா என்று
யாரும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டியதில்லை.

குறை சொல்ல எனக்கு வாய் வராது.
கால் முறிந்து கிடந்தபோது
பக்கத்து வீட்டு நோரீன்
என் குப்பைத் தொட்டியைத்
திங்கட்கிழமை தவறாமல் தெருவுக்கு இழுத்துவைத்தாள்.
பெயர் மட்டும் அவள் நாக்கில் நிற்கவில்லை.
ஜிவிலே என்ற என்னை லில்லி ஆக்கினாள்.
லில்லிக்குத்தான் பிறந்தநாள் கேக் வரும்.
நானும் சாப்பிடுவேன்.

காளானுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.
ஒரே நாளில் இரண்டு மடங்கு ஆகிவிடும்.
நேற்று பொத்தான், இன்று கிண்ணம்,
நாளை விற்காது.
ஆறு அடுக்கு. நெற்றியில் விளக்கு.
பிடி, திருகு, காம்பை நறுக்கு, தட்டில் வை.
இதே விரலால் எத்தனை கோடி என்று
ஒருநாள் கணக்குப் போடத் தொடங்கி
பாதியில் பயந்து நிறுத்தினேன்.

அந்த இருட்டில்தான் டாங்குவோலேயின் குரல்செய்தி வந்தது.
எங்கள் ஊரில் தரை சொல்லாமல்கொள்ளாமல் உள்ளே போகும்.
அடியில் ஜிப்சம் கரைந்துகொண்டே இருக்கிறது.
"ஜிவிலே, கோழிக்கூடு இருந்த இடத்துல இப்ப குளம்.
கோழிங்க எல்லாம் சௌக்கியம்.
சேவலுக்கு மட்டும் மனசு சரியில்ல."

சிரித்தேன்.
மேல் அடுக்குக்கு ஏறும் தள்ளுமேடையில் நின்று
ஒரு பல் குறைந்த வாயோடு
கத்தி நழுவி விழும்வரை சிரித்தேன்.
அந்தக் குளத்தைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.
அவ்வளவுதான்.
சேமிப்பு, முழங்கால், வாடகை
எல்லாம் பிறகு வந்து வரிசையில் நின்ற காரணங்கள்.
முதலில் வந்தது சேவல்.

டிக்கெட் எடுக்கையில்
"திரும்பும் தேதி" என்ற கட்டத்தைப் பார்த்தபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
எது திரும்புவது என்று அதற்கே தெளிவில்லை.

காயுஸிடம் சொன்னேன். பதினெட்டு வயது.
டண்டாக்கில் எலக்ட்ரீஷியன் வேலை பழகுகிறான்.
"நீயும் வரலாம்" என்றேன்.
"நீ திரும்பிப் போறே.
நான் போனா அது வெறும் போறதும்மா."
லிதுவேனிய மொழியில்தான் சொன்னான்,
வேற்றுமை உருபில் ஒரு பிழையோடு.
திருத்த வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

மூன்று நாள் பேச்சில்லை.
நான்காம் நாள் இரவு வேலை முடித்து வந்தால்
சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறான்,
மடியில் என் தையல் இயந்திரம்.
மூன்று முனைப் பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டு
அந்த ஊர்ச் சுவருக்கு ஏற்ற
இரண்டு உருண்டை முனைப் பிளக்கை மாட்டுகிறான்.
இஸ்திரிப்பெட்டி முடிந்திருந்தது. மேசை விளக்கும்.

கெட்டிலை எடுத்து நீட்டினேன்.
"அது இங்கயே இருக்கட்டும்" என்றான், நிமிராமல்.
"பல்லு வச்சுக்கிட்டு ஒருநாள் வருவேல்ல,
டீ போடணும்."